ஒளிரும் வால்வும் உழைத்த விரல்களும்

புத்தகச் செலவையுங் குறைத்து ஈராண்டுகள் மிச்சம்பிடித்த பணத்தில் வால்வு அம்பிளிபயரொன்றை முதன்முறையாக வாங்கினோம். 1947இல் திரான்சிஸ்டர் பிறந்தபின் வால்வு மெல்ல வழக்கொழிந்தது. ஆயினும் அதன் ஒலியே இனிதென்பார் இன்றும் உளர். விற்றவர் நான்கு ஈ.எல். 84 வால்வுகளைக் காட்டி, “இங்கிலாந்தின் பிளாக்பேர்ணில் செய்த பழைய சரக்கு, சேர்; அதற்குத்தான் இந்த விலை” என்றார்.

வீட்டில் ஆளியை அழுத்தி, இழை சூடேறும்வரை காத்திருந்தோம். செவ்வொளி படர்ந்தது, இசை எழுந்தது. உள்ளமோ பிளாக்பேர்ணுக்குச் சென்றது. 1938இல் திறக்கப்பட்ட அவ்வால்வுத் தொழிற்சாலையில், மயிரிழையன்ன கம்பிச்சுருள்களைக் கைகளாற் பொருத்தியோருட் பெரும்பாலோர் பெண்கள். கண்ணாடியில் நிறுவனத்தின் பெயர் உண்டு. அவர்தம் பெயர் இல்லை. பழமைக்கென நாம் ஈந்த பணத்தில் அவர்களுக்குச் சல்லிக்காசும் சேராது.

இசையை நுகர்தல் குற்றமன்று. அதனைச் சமைத்தோரை மறத்தலே குற்றம். இழை சூடேறும் அச்சிறு பொழுது, இனி எமக்கு அவர்களை நினைக்கும் பொழுதாகும்.