ஊருக்கு ஒரே லட்சுமியா?

1/ பயிற்சி மருத்துவரா இருந்தப்போ, காரைக்கால் பக்கம் விழிதியூரில் வீட்டுக்கு ஒருத்தர்னு சர்க்கரை நோய் கணக்கெடுப்பு. தெரு எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒட்டி, ஆளுக்கொரு அடையாள எண்ணை ஸ்டேட்டாவில் உருவாக்கினேன்.

2/ ரெண்டு பதிவுக்கு ஒரே எண், 112. ரெண்டும் லட்சுமி, வயசு 60. ஒரே ஆளை ரெண்டு தடவை ஏத்திட்டோம்னு ஒன்றை அழிச்சேன்.

3/ ராத்திரி படிவங்களைப் புரட்டினப்போ பகீர்னு ஆச்சு. ஒருவர் 1-ஆம் தெரு, 12-ஆம் வீடு. மற்றவர் 11-ஆம் தெரு, 2-ஆம் வீடு. ஒட்டினா ரெண்டுமே 112! நான் அழிச்ச லட்சுமிக்கு லேப் ரிசல்ட்டில் சர்க்கரை 340. சிகிச்சைக்குக் கூப்பிட வேண்டியவங்க பட்டியலில் அவங்க பேரே இல்லை.

4/ விடிஞ்சதும் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "ஏன் தம்பி, ஊருக்கு ஒரே லட்சுமியா?"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

5/ எண்களை ஒட்டும்போது நடுவில் கோடு போடுங்க: 1-12, 11-2. பிறகு 'ஐஎஸ்ஐடி' கட்டளை கொடுங்க. எந்த எண்ணாவது ரெண்டு தடவை வந்திருந்தா ஸ்டேட்டா பிழைன்னு நிறுத்திடும். பேரையும் வயசையும் நம்பாதீங்க. நம்மூரில் பலரும் வயசை 60, 65னு முழுசாத்தான் சொல்வாங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி படிவத்தைப் பாருங்க. ஒவ்வொரு வரியும் ஒரு ஆள்.