தப்பின் வயது

சென்ற மாசியில் காமன் கூத்துப் பார்ப்பதற்காக அட்டனில் ரயிலிறங்கி, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றோம். உடன் வந்த நண்பர் கொழும்பில் வயலின்களைப் பழுது பார்ப்பவர். மலையேறும் வழியெல்லாம், தம்மிடம் வந்திருந்த பழைய டபிள் பேஸ் ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஆளுயரத்தையும் மிஞ்சி நிற்கும் அப்பெரு வாத்தியத்தின் ஊரையும் வயதையும் அறிவது எளிதன்றாம். வயலின் இனத்து வாத்தியங்களின் உள்ளே ஒட்டிய சீட்டை நம்பலாகாது. இத்தாலியக் கலைஞர் பெயரை ஜெர்மானியப் பட்டறைகள் தாராளமாக ஒட்டியனுப்பியதுண்டு. கழுத்து மாறியிருக்கும், மூன்று தந்தி நான்காகியிருக்கும். முகப்புப் பலகை ஒன்றுதான் ஓரளவு உண்மை பேசும். அது ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு மரம். ஆண்டுக்கு ஒரு வளையம் இடுவது. அவ்வளையங்களை வயதறிந்த மரங்களோடு ஒப்பிட்டால், இன்ன ஆண்டுக்கு முன் இம்மரம் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று சொல்லிவிடலாமாம்.

லயத்தில் எங்களை வரவேற்ற பெரியவர், சுவரில் தொங்கிய தப்பை எடுத்து வந்தார். விடியுமுன் பிரட்டுக்கு ஆளெழுப்பவும், திருவிழாவுக்கும், சாவுக்கும் தோட்டங்களில் முழங்கிய தப்பு!

“எங்க பாட்டனோட அப்பா கடல் தாண்டி வாறப்ப தோள்ல மாட்டிக்கிட்டு வந்ததுங்க ஐயா” என்றார்.

நண்பருக்கு வேறென்ன வேண்டும்? தோலை அவர் பொருட்படுத்தவில்லை. புளியங்கொட்டைப் பசையால் ஒட்டும் கன்றுத் தோல், கிழியக் கிழிய மாறுவது. சட்டத்தைத்தான் புரட்டினார். வளைவாகச் செதுக்கிய மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகடுகள் கவ்வியிருந்தன. இரண்டு தடித்துக் கறுத்தவை. மூன்றாவது மெல்லியது, வரிசையாக ஆணித்துளைகள் கொண்டது.

“தேயிலைப் பெட்டியின் விளிம்புத் தகடு!” என்றார் நண்பர்.

ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1869இல் தலைகாட்டிய பூஞ்சண நோய் கோப்பியை அழித்த பின்னரே தேயிலை மலையெங்கும் பரவிற்று. ஆகவே தகடு அதற்குப் பிந்தியது. ஆனால் அது பழுது பார்த்த காலத்தையன்றோ காட்டும், பிறந்த காலத்தையன்று.

மரம் பூவரசு. அக்குளிர் மலையில் வளரும் மரமன்று அது, வெப்பமான கரையோரத்துக்குரியது. இராமநாதபுரத்திலிருந்து வந்ததென்று சொல்ல எனக்கு நா எழுந்தது. நண்பர் தடுத்தார். மன்னாரிலும் பூவரசு உண்டே! 1914இல் தலைமன்னார் ரயிலும் கப்பலும் இணையுமுன், எத்தனையோ பேர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் ஒரு துண்டு மரம் வெட்டியிருக்கலாகாதா? வளையங்களை எண்ணலாமென்றாலோ, பூவரசு ஸ்புரூஸைப் போல் ஆண்டுக்கணக்கு எழுதி வைப்பதில்லை.

“நூறு வருஷத்துக்குக் குறையாது என்று நினைக்கிறேன். ஊரைச் சொல்ல இயலாது” என்று முடித்தார் நண்பர்.

பெரியவர் சிரித்தார். “எங்க அப்பாகிட்டயும் இதைத்தாங்க கேட்டாங்க. எப்ப வந்தே, எங்கேருந்து வந்தேன்னு.”

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அக்குடும்பத்தை நாடற்றதாக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பிக்க, 1946 ஜனவரிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிறுவவேண்டும். தந்தையிடம் தாள்கள் இல்லை, விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்ட 1964 ஒப்பந்தத்தில் அண்ணன் நீலகிரிக்குப் போனார். பெரியவருக்குக் குடியுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்தான்.

“தப்பைக் கொண்டுபோய்க் காட்ட முடியுங்களா ஐயா?” என்றார்.

நாங்கள் இருவரும் பேசவில்லை.

பொழுது சாய்ந்ததும் பேரன் சருகு கூட்டித் தீ மூட்டினான். தப்பை வாங்கி அனலில் காட்டித் திருப்பினான். நண்பரோ இன்னும் அந்த மூன்றாவது தகட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“தள்ளிக்கங்க ஐயா, தோலு பொசுங்கிடும்” என்றான் பையன்.