காது மெஷின் நின்றுபோனால்

மெஷின் வேலை செய்யாத நாளில் அம்மா எல்லாவற்றுக்கும் சிரித்தபடி தலையாட்டுவார். எதுவும் காதில் விழவில்லை என்று அர்த்தம். அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது.

உடனே ‘ரிப்பேர், புதுசு வாங்கணும்’ என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பேட்டரி, குரும்பி, ஈரம் மூன்றில் ஒன்றுதான் காரணம்.

காது மெஷினில் போடும் பொத்தான் பேட்டரி காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, ஓரிரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். மறுபடி ஒட்டினாலும் சார்ஜ் மிஞ்சாது.

காதுக்குள் போகும் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். கடுகளவு குரும்பி போதும், சத்தம் வரும் துளை அடைத்துக்கொள்ளும். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த சின்ன பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். ஊசி வேண்டவே வேண்டாம். தண்ணீரும் ஸ்பிரிட்டும் கூடாது. முனையிலுள்ள குரும்பி வடிகட்டி அடைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

நம் ஊர் வேர்வைக்கு, ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது ரொம்ப முக்கியம். தலைக்கு எண்ணெய் வைக்கும் முன் கழற்றிவிடச் சொல்லுங்கள். இத்தனையும் செய்தும் மெஷின் வேலை செய்யவில்லையென்றால் ஆடியாலஜிஸ்ட்டிடம் போங்கள்.

தீர்ந்த பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.