வாழைப்பழமும் வெள்ளந்தி மனசும்!

கடைக்கு அனுப்பினால் பாதியை மறந்து வரும் பிள்ளையை, ‘வந்துட்டாரு நம்ம செந்தில்’ என்று கலாய்க்காத வீடு குறைவு.

அந்தக் கிண்டலுக்கு விதை போட்ட ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் இயக்குநர் கங்கை அமரன், தேனி மாவட்டம் பண்ணைப்புரத்துக்காரர். வாழைக்குப் பேர்போன மாவட்டம்!

இரண்டு பழம் வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுப்பார் கவுண்டமணி. ஒன்றை முழுங்கிவிட்டு வரும் செந்திலோ, இன்னொன்று எங்கே என்று எத்தனை முறை கேட்டாலும் கொடுத்த பழத்தையே காட்டுவார். முகத்தில் திருட்டு முழியே இருக்காது. அவர் கணக்கில் அது சரி!

எவ்வளவு திட்டினாலும், கடைசிவரை இருவரும் ஒரே கரகாட்டக் குழுவில்தான் இருப்பார்கள். அதனால்தான் அந்த அடியும் சிரிப்பாகிறது. வீட்டுச் செந்திலையும் கிண்டல் செய்யலாம். கையோடு பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்கு அது காமெடி அல்ல, காயம்.