என் கையைச் சுற்றிய நீலப்பட்டைக்கு

அன்புள்ள நீலப்பட்டையே,

ஊருக்கு நீ வெறும் பி.பி. மெஷின். எனக்கு அப்படியில்லை என்று உனக்கே தெரியும்.

நீலப்பட்டையே, அந்த ஆறாம் நாளை நினைத்துப் பார்க்கிறேன். கர்ப்பத்தின் கடைசி வாரத்தில் 140/90-ஐத் தொட்ட அழுத்தம், பாப்பா பிறந்ததும் இறங்கிவிட்டது. மூன்றாம் நாளே வீடு. திரும்ப பி.பி. பார்க்க வரவேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. "பச்சை உடம்புக்காரியை ஆட்டோவுல ஏத்துறதாவது!" என்றாள் அம்மாச்சி. காலையிலிருந்தே தலை தெறித்தது. தூக்கமில்லாததால்தான் என்று நானும் நம்பி, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். நர்சம்மாவிடம் கிளம்பியதுகூட பாப்பாவின் கண் மஞ்சளாக இருந்ததால்தான். எனக்காக அல்ல.

நீலப்பட்டையே, பாப்பாவைப் பார்த்து முடித்த நர்சம்மா, "உன் கையையும் நீட்டும்மா" என்றார். சாய்ந்து உட்காரவைத்தார், காலைப் பின்னாதே, பேசாதே என்றார். ஐந்து நிமிடம் கழித்து, பால் கசிந்து ஈரமான நைட்டியின் கையை மேலே சுருட்டி உன்னைச் சுற்றினார். குமிழை அழுத்த அழுத்த நீ இறுகினாய், முள் ஏறியது, பிறகு மெல்ல இறங்கியது. ஸ்டெதஸ்கோப்பில் முதல் 'டப்' கேட்ட இடம் 168. 1905-இல் கொரோட்காஃப் என்ற ருஷ்ய மருத்துவர் கண்டுசொன்ன ஓசையாம் அது. அவருக்கும் சேர்த்தே இந்த மடல். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தார்: 164/110. "கண்ணு மங்குதா? மேல்வயிறு வலிக்குதா?" ட்யூப்லைட்டைச் சுற்றி மினுமினுத்ததை அப்போதுதான் சொன்னேன். 108 ஆம்புலன்ஸ் வந்தது.

நீலப்பட்டையே, பிள்ளை பெற்ற மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரைதான் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும் என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் தெரிந்துகொண்டேன். பிரசவத்தோடு ஆபத்து முடிந்தது என்று வீடே நிம்மதியாக இருக்கும் நாட்கள் அவை! வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் தணலாய்க் காந்தியது.

நீலப்பட்டையே, நீ தந்ததில் பெரியது எது தெரியுமா? என் பேச்சுக்கு ஒரு சாட்சி. தலைவலி என்று நான் சொன்னபோது அசையாத வீடு, நீ காட்டிய எண்ணுக்கு எழுந்து நின்றது. அதன்பின் பி.பி. பார்க்க ஒவ்வொரு முறையும் அம்மாச்சியே ஆட்டோ பிடித்தாள். மாத்திரை பாதியானது, பிறகு நின்றது. 42-ஆம் நாள் 122/78.

நீலப்பட்டையே, நம் உறவு அதோடு முடியவில்லை. இப்படி அழுத்தம் ஏறியவர்களுக்குப் பின்னாளில் பி.பி.யும் இதயநோயும் வர வாய்ப்பு கூடுதலாம். வருடம் ஒருமுறையாவது உன்னிடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். துணைக்கு வந்த அம்மாச்சியும் ஒருநாள் விளையாட்டாகக் கையை நீட்டி மாட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கும் மாத்திரை உண்டு. பேசாமல் உட்காரத்தான் வரவில்லை. பேசினால் ஏறும் என்று நர்சம்மா சொன்னாலும் கேட்பதில்லை. நீ பத்து கூட்டிக் காட்டுகிறாய் என்று உன்மேல்தான் கோபம்.