பம்பினுள்ளே ஒரு சிறு கோடு

சென்ற ஆண்டு வைகாசி மாதத்திலே, இணுவிலில் உள்ள எமது தமக்கையார் வீட்டிற்குச் சென்று சில நாட்கள் தங்கியிருந்தோம். வெங்காயம் நட்டு ஒரு மாதமும் ஆகவில்லை. வெயிலோ கொளுத்திக்கொண்டிருந்தது. செம்மண் தறைக்கு மூன்று நாலு நாட்களுக்கொருமுறை இறைப்பு இன்றியமையாதது. அந்த வேளை பார்த்துத்தான் கிணற்றடியிலிருந்த டீசல் எஞ்சின் நோய்ப்படத் தொடங்கியது.

காலையிற் கைபிடியைச் சுழற்றிச் சுழற்றி அத்தானின் தோள் வலித்தது. ஒருவாறு புறப்பட்டாலும், சூடேறி நின்றபின் மீண்டும் கிளம்ப மறுத்தது. குழாயின் வாயிலே நீர் தளர்ந்து விழுந்தது. இவற்றினும் வியப்பான செய்தி ஒன்று: எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய் நாளுக்கு நாள் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே வந்தது! அளவுகோலை இழுத்து முகர்ந்து பார்த்தோம். டீசல் மணம்.

அத்தான் நொசிலைத்தான் குறைகூறினார். அதனைக் கழற்றிப் பட்டணத்துக் கராஜ் ஒன்றிலே சோதிப்பித்தோம். பனிமூட்டம்போல் அழகாகத் தூவியது. ஆகவே, அதற்கு டீசலை அனுப்பும் பம்பிலேதான் பழுது என்று தெளிந்தோம். எண்ணெயிலே கலந்த டீசலும் அதற்கே சாட்சி கூறியது.

இந்தப் பம்பின் கதை சுவையானது. ருடொல்ப் டீசல் என்பார் 1897ஆம் ஆண்டிலே தமது எஞ்சினை உலகுக்குக் காட்டியபோது, அழுத்திய காற்றைக்கொண்டே எரிபொருளை உள்ளே ஊதினார். அதற்குத் தனியாக ஒரு காற்றழுத்தும் பொறி வேண்டும். இத்தகைய பெருஞ்சுமையோடு லொறியோ தோட்டத்து எஞ்சினோ எங்ஙனம் ஓடும்? ஜெர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிலே ரொபேட் பொஷ் நிறுவனத்தார் 1927ஆம் ஆண்டிற் சிறு பம்புகளைத் தொகையாகச் செய்து விற்கத் தொடங்கிய பின்னரே அந்தச் சுமை இறங்கியது.

பம்பின் உயிர்நிலை, கராஜ்காரர் 'எலிமென்ட்' என வழங்கும் இரட்டையாகும்; ஓர் உருளையும், அதனுள்ளே ஏறி இறங்கும் ஒரு தண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வெளி, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலே இரண்டு மூன்று பங்கு மாத்திரமே. இறப்பரும் இல்லை, வளையமும் இல்லை. அந்த நெருக்கமே டீசலைத் தடுத்து நிறுத்துகிறது. தேய்ந்துவிட்டாலோ டீசல் கீழே கசிந்து எண்ணெயோடு கலக்கிறது. இருவரும் சேர்ந்தே பிறந்தவர்கள். ஒன்றின் தண்டை மற்றொன்றின் உருளைக்குள் இடுதல் ஆகாது.

தண்டு எப்பொழுதும் ஒரே உயரமே ஏறுகிறது. எனினும் எஞ்சினுக்குச் சில வேளை கூடுதலாகவும் சில வேளை குறைவாகவும் டீசல் வேண்டுமல்லவா? அதற்காகத் தண்டின் மேனியிலே சாய்வாக ஒரு வெட்டு உண்டு. 'ராக்' என்னும் பற்சட்டம் தண்டைச் சற்றே திருப்ப, அந்த வெட்டு உருளையின் துவாரத்தை முன்னரோ பின்னரோ சந்திக்கிறது. சந்தித்த கணமே டீசல் திரும்பி வழிந்துவிடும். இதனைக் கண்டுபிடித்தவரின் மூளையை எண்ணி நாம் பலமுறை வியந்ததுண்டு.

பழைய எலிமென்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுசென்றார் அத்தான். கடைக்காரர் கண்ணால் அளந்து ஒரு பொதியை எடுத்து நீட்டினார். வீட்டிலே அதனைப் பழையதற்கு அருகே வைத்துப் பார்த்து, "தம்பி, உது ரண்டும் ஒண்டுதானே" என்றார் அத்தான். எமக்கு மனம் ஒப்பவில்லை. பம்பின் உடலில் அப்பியிருந்த வர்ணத்தை மண்ணெண்ணெயால் தேய்த்தோம். சிறு தகடொன்று தலைகாட்டியது: பி.எஃப். 1 ஏ 70. அதாவது, தனக்கெனக் கமச்சுழலி இல்லாத, ஒரு சிலிண்டருக்குரிய, 'ஏ' அளவிலான பம்பு. தண்டின் விட்டம் 7 மில்லிமீற்றர். கடைக்காரர் கொடுத்ததோ 65, அஃதாவது ஆறரை. கண்ணுக்கு அரை மில்லிமீற்றர் எம்மாத்திரம்? ஆயினும் ஒவ்வோர் ஏற்றத்திலும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு டீசல் குறைந்திருக்கும். மறுநாள் தகட்டிலிருந்த எழுத்துக்களைக் கடதாசியில் எழுதிக்கொண்டுபோய் மாற்றி வந்தோம்.

விறாந்தையிலே வெள்ளைத் துணி விரித்து வேலை நடந்தது. புதிய தண்டைத் தூய டீசலிற் கழுவி, சற்று இழுத்துவிட்டோம். தன் பாரத்தாலேயே மெல்ல வழுக்கி இறங்கியது. பம்பின் அடியிலிருந்த மெல்லிய தகடுகளை எண்ணி அவ்வாறே மீண்டும் வைத்தோம். டீசல் பாயும் நேரம் அவற்றின் கனத்தையே பொறுத்தது. இத்தனை கவனமாக இருந்த நாம், ஒன்றை மறந்தோம். தண்டின் அடியிலுள்ள இறகிலே ஒரு பக்கம் சிறு கோடு கீறியிருக்கும். அது எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் கழற்றும்போது நாம் குறித்துக்கொள்ளவில்லை. தண்டோ இரு விதமாகவும் சிரமமின்றிப் பொருந்தும்!

எஞ்சின் ஒரே சுழற்றலிற் கிளம்பியது. மருமகன் கைதட்டினான். மறுகணம் அதன் குரல் மாறியது. வேகம் ஏறிற்று, ஏறிற்று, ஏறிக்கொண்டேயிருந்தது. நிறுத்தும் பிடியை அத்தான் இழுத்தார், பயனில்லை. சாய்வெட்டு மறுபுறம் நோக்கியிருந்தபடியால் முழு டீசலும் தடையின்றிப் பாய்ந்தது. கறுத்த புகை எழுந்தது. கனத்த சக்கரத்துக்கு மூன்று முழத் தூரத்திலே பன்னிரண்டு வயதுப் பிள்ளை நின்றான். அவனைப் பிடித்து இழுத்து மாமரத்தின் பின்னே தள்ளினோம்.

"சாக்கு! சாக்கைக் கொண்டா!" என்று அத்தான் கதறினார். கிணற்றுக்கட்டிற் கிடந்த ஈரச்சாக்கை அக்கா எறிய, அதனைக் காற்று உறிஞ்சும் வாயிலே வைத்துப் பலகையொன்றால் அழுத்தினார். வெறுங்கையை வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ! எஞ்சின் இருமுறை விக்கி அடங்கியது. அதன்பின் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

அன்று மாலை மீண்டும் பிரித்தோம். தண்டை அரைவட்டம் திருப்பி வைத்து, ராக்கை நிறுத்தும் நிலைக்குத் தள்ளி, டீசல் விட்டுக் கையால் தண்டை அழுத்தினோம். ஒரு துளியும் வெளிவரவில்லை. முதல்நாளே செய்திருக்கவேண்டிய சோதனை இது. இரண்டு நிமிட வேலை.

மறுநாட் காலை எஞ்சின் அமைதியாக ஓடியது. வாய்க்காலில் நீர் நிறைந்து முதற் பாத்திக்குள் இறங்கியது. அக்கா மாத்திரம் இன்னொரு சாக்கை நனைத்துக் கிணற்றுக்கட்டிலே ஆயத்தமாக வைத்திருந்தார்.