பயணக் கணக்கு

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களாக ஓதல், பகை, தூது, பொருள் முதலியவற்றைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இப்பகுதியை மாணவர்களுக்கு நடத்தி வந்திருக்கிறேன். தேர்வில் பத்து மதிப்பெண் வினாவாகவும் கேட்டிருக்கிறேன். ஆயினும் இவற்றுள் ஒன்று என் வாயிற்படியேறி என்னையே அழைக்கும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

2024 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அந்த அழைப்பு வந்தது. மலேசிய நாட்டின் பினாங்கிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்று, நீரிணைக் குடியேற்றங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்த தமிழ் இதழ்கள் குறித்துச் செப்டம்பரில் நடத்தவிருந்த கருத்தரங்கில் கட்டுரை படிக்குமாறு என்னைக் கேட்டிருந்தது. மகுதூம் சாயிபு அவர்கள் சிங்கப்பூரில் 1887 ஆம் ஆண்டு தொடங்கி 1890 வரை நடத்திய ‘சிங்கைநேசன்’ வார இதழைப் பற்றி நான் முன்னரே சிறிது எழுதியிருந்தேன். அதுவே அழைப்புக்குக் காரணம். ஓதலும் தூதும் கலந்ததொரு பயணம் எனக்கு வாய்த்தது என்று துறை நண்பர்கள் நயம்படக் கூறி மகிழ்ந்தனர்.

எங்கள் வீட்டுக்குப் பினாங்கு புதிய ஊரன்று. என் வாப்பா சென்றது பொருள்வயின் பிரிவு. 1926 இல் கட்டப்பெற்று, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்த ‘ரஜூலா’ கப்பலில், 1964 ஆம் ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து அவர் முதன்முதலாகப் புறப்பட்டார். அங்கே சூலியா தெருவில் மளிகைக் கடையொன்றில் கணக்கெழுதும் வேலை. நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார், சில திங்கள் இருப்பார், மீண்டும் செல்வார். எங்கள் கடற்கரை ஊர்களில் அத்தகையோரைச் ‘சபராளிகள்’ என்று வழங்குவர். ஒரு சபராளியின் மகனாகப் பிறந்தும், ஐம்பது வயது கடந்த பின்னரே நான் கடல் கடக்க ஆயத்தமானேன்.

கல்லூரியில் பணிபுரிவோர் வெளிநாடு செல்வதற்கு முன் கடக்க வேண்டிய கடல் வேறொன்று உண்டு. அது தாள்களாலான கடல். அழைப்பு மடலை இணைத்துத் துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு விண்ணப்பம். முதல்வர் பரிந்துரையுடன் செயலருக்கு. நிதியுதவி பெறும் பணியிடம் ஆதலின் அங்கிருந்து கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்திற்கு. செல்லும் நாடு, தங்கும் நாள்கள், செலவை ஏற்போர், இல்லாத நாள்களில் வகுப்பை ஏற்போர் ஆகிய அனைத்தையும் எழுத்தில் தருதல் வேண்டும். ‘தடையின்மைச் சான்று’ கைக்கு வரும்வரை வானூர்திச் சீட்டுக்குப் பணம் கட்டுதல் அறிவுடைமை ஆகாது. இவற்றையெல்லாம் சுமையென்று முதலில் சலித்துக்கொண்டேன். பொதுமக்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெறுவோன், தான் எங்கே, எதன்பொருட்டு, யாருடைய செலவில் செல்கிறான் என்பதைச் சொல்லிச் செல்லுதல் முறையே என்பது சலிப்பு நீங்கிய பின்னர் விளங்கிற்று.

அடுத்து வந்தது பெயர்ச் சிக்கல். பல்லாண்டுகளுக்கு முன் எடுத்து, ஒருமுறையும் பயன்படுத்தாத என் கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வேண்டிச் சான்றிதழ்களையெல்லாம் மேசைமேல் பரப்பினேன். அப்போதுதான் நான் ஒருவன் அல்லேன், நால்வர் என்பது தெரியவந்தது. என் பெயரிலுள்ள ‘முகம்மது’ என்னும் சொல் ஆங்கிலத்தில் பள்ளிச் சான்றிதழில் ‘ஓ’ எழுத்துடனும், பட்டச் சான்றிதழில் ‘யூ’ எழுத்துடனும், ஆதார் அட்டையில் இரண்டு ‘எம்’ எழுத்துகளுடனும், வங்கிக் கணக்கில் முதலெழுத்துகள் மட்டுமாகச் சுருங்கியும் காணப்பட்டது. தமிழில் எழுதினால் ஒரே மனிதன். ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு மனிதர்கள்! நம்மிடம் குடும்பப் பெயர் என்னும் வழக்கமும் இல்லை. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகத் தாங்கி வாழ்கிறோம். கடவுச்சீட்டிலோ தலைப்பெழுத்தை விரித்தெழுத வேண்டும்.

என் பிழையும் ஒன்று சேர்ந்துகொண்டது. கருத்தரங்கப் பதிவுப் படிவத்தில் நான் கட்டுரைகளுக்கு இடும் பெயரை எழுதியனுப்பிவிட்டேன். அழைப்பாளர்கள் அப்பெயரிலேயே சீட்டு எடுக்க முனைந்தனர். வானூர்திச் சீட்டிலுள்ள பெயர் கடவுச்சீட்டிலுள்ள பெயரோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பதை ஓர் இளம் நண்பர் உரிய காலத்தில் எடுத்துரைத்தமையால் தப்பினேன். பள்ளிச் சான்றிதழில் உள்ளதே வேர் என்று முடிவு செய்து, ஆதார் அட்டையையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்தினேன். பின்னரே திருச்சிராப்பள்ளிக் கடவுச்சீட்டுச் சேவை மையத்திற்குச் சென்றேன். மாணவச் செல்வங்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பில் உங்கள் பெயரை எவ்வாறு எழுதுகிறீர்களோ, அவ்வாறே வாழ்நாள் முழுதும் எழுதுங்கள். ஓர் எழுத்தின் அலட்சியம் பின்னாளில் பல வாரங்களை விழுங்கும்.

வாப்பாவின் பெயரை எவ்வாறு விரித்தெழுதுவது என்பதில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவருடைய பழைய கடவுச்சீட்டு பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் என்றார் உம்மா. அவருக்கு அப்போது எண்பது வயது. பெட்டியைத் திறந்ததும் நாப்தலின் உருண்டையின் மணமும் பழைய தாளின் மணமும் எழுந்தன. கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயரை யாரோ ஓர் எழுத்தர் தம் செவிக்குப் பட்டவாறு எழுதியிருந்தார். என் சான்றிதழ்களில் உள்ள எந்த வடிவத்தோடும் அது ஒத்துவரவில்லை. அதன்கீழே வாப்பாவின் கையொப்பம் மட்டும் தெளிவான தமிழில், ஒற்றெழுத்தின் புள்ளிகூட விடுபடாமல் இருந்தது. தம் பெயருக்கு ஆங்கிலத்தில் நேர்ந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்த மொழியில் தம்மைத் தாமே சரியாக எழுதிவிட்டுச் சென்றிருக்கிறார்.

கடவுச்சீட்டின் அடியில் நீண்ட கணக்கேடு ஒன்று இருந்தது. மேலட்டையில் ‘பயணக் கணக்கு’ என்று எழுதப்பட்டிருந்தது. கப்பல் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் இருக்கும் என்றெண்ணிப் புரட்டினேன். அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு பயணத்திற்கும் இரண்டு பக்கங்கள். அவற்றில் நான்கு தலைப்புகள்: ‘கொடுக்க வேண்டியது’, ‘வாங்க வேண்டியது’, ‘ஒப்படைத்தது’, ‘சொல்லிக்கொண்டது’. எம்.வி. சிதம்பரம் கப்பலில் அவர் சென்ற 1979 ஆம் ஆண்டுப் பக்கத்தை எடுத்தேன். எனக்கு அப்போது ஏழு வயது. மாவு மில்லுக்குக் கொடுக்க வேண்டிய மூன்று ரூபாய் ஐம்பது காசு, கொடுத்தாயிற்று. பள்ளிவாசல் நூலகத்து நூல் ஒன்று, திருப்பியாயிற்று. பெரியம்மாவின் கண் மருந்து, மாதந்தோறும் வாங்கித் தரும்படி மைத்துனரிடம் ஒப்படைத்தாயிற்று. கிணற்றுச் சுவர் தொடர்பாக மனத்தாங்கல் கொண்டிருந்த அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டாயிற்று. கடைசி வரியில், ‘தம்பிக்குச் சிலேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னது, வாங்கியாயிற்று’ என்றிருந்தது. அந்தச் சிலேட்டு எனக்கு நினைவிருக்கிறது. அது ஒரு கணக்கில் ஏறியிருந்தது என்பதை நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

“வாப்பா சபருக்குப் போவும்போது பெட்டியைக் கடைசியாத்தான் கட்டுவாஹ, தம்பி. மொதல்ல இந்த நோட்டு முடியணும். பெட்டியில ஒரு சாமானை மறந்தா அங்க போய் வாங்கிக்கலாம்; இங்க ஒருத்தருக்குள்ளதை மறந்தா கப்பல் திரும்பி வராதுன்னு சொல்லுவாஹ” என்றார் உம்மா.

நானோ பெட்டியை முதலில் கட்டியவன். புறப்பட மூன்று நாள்கள் இருந்தன. கடவுச்சீட்டு ஆறு திங்களுக்கு மேல் செல்லுபடியாகும் என்பதைப் பார்த்தாயிற்று. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் முப்பது நாள்கள் வரை விசா இன்றி வந்து செல்ல மலேசியா இசைவளித்திருந்தது. ஆயினும் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டியிருந்தது, அதனையும் நிரப்பியாயிற்று. அவ்வாறு செல்பவர் அங்கே ஊதியத்திற்குப் பணிபுரிதல் கூடாது என்பதால், சொற்பொழிவுக்கு ஊதியம் தருவதாக அன்புடன் அழைத்த அன்பர் ஒருவரிடம் முன்கூட்டியே மறுப்புத் தெரிவித்தாயிற்று. நீரிழிவு மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் கைப்பையில். கைபேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்கும் கைப்பையில். அந்நாட்டு மும்முனைச் செருகிக்கு ஏற்ற இணைப்பான் பெட்டியில். தாள்கள் அனைத்துக்கும் இரண்டு படிகள்: ஒன்று என்னிடம், ஒன்று வீட்டில். குறை ஏதுமில்லை என்று நிறைவு கொண்டிருந்தேன்.

அன்றிரவு வாப்பாவின் ஏட்டைப் போலவே ஒரு தாளில் நான்கு தலைப்புகளை எழுதினேன். ‘ஒப்படைத்தது’ என்பதன்கீழ் என் வகுப்புகளை ஏற்ற நண்பர்களின் பெயர்கள், அகமதிப்பீட்டு மதிப்பெண் பட்டியல், துறை நூலக அலமாரியின் சாவி. ‘வாங்க வேண்டியது’ என்பதன்கீழ் ஒன்றுமில்லை. ‘கொடுக்க வேண்டியது’ என்று எழுதிப் பேனாவை நிறுத்தினேன். யாருக்கும் கடனில்லையே என்று எண்ணிய அந்நொடியில், ஒருவார காலத்திற்கு முன் என் ஆய்வு மாணவி ஒருவர் தயங்கித் தயங்கித் தந்த படிவமொன்று நினைவில் எழுந்தது.

உதவித்தொகை தொடர்வதற்கான சான்று அது. நெறியாளரின் கையொப்பம் இன்றிச் செல்லாது. அவர் மீனவர் குடும்பத்திலிருந்து உயர்கல்விக்கு வந்த முதற்பெண். விடுதிக் கட்டணமும் தட்டச்சுச் செலவும் அத்தொகையை நம்பியே இருந்தன. “நாளைக்குப் பார்க்கலாம் அம்மா” என்று வாங்கி வைத்தவன், கருத்தரங்கக் கோப்புக்குள் அதனைச் செருகிவிட்டேன். எழுந்து பெட்டியைத் திறந்தேன். கட்டி முடித்த பெட்டியின் அடியில், ‘சிங்கைநேசன்’ குறித்த என் கட்டுரைப் படிகளுக்கிடையே அப்படிவம் இருந்தது. கடைசி நாளைப் பார்த்தேன். நான் பினாங்கில் கட்டுரை படிக்கும் நாளுக்கு மறுநாள்.

அதாவது, என் பிழை என்னோடு பெட்டியிலேறிக் கடல் கடந்திருக்கும். அம்மாணவி நினைவூட்டவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். ஆசிரியர் வெளிநாடு செல்லும் பரபரப்பில் இருக்கிறார், தொல்லை தரலாகாது என்று அவர் பொறுத்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். நம்மைச் சார்ந்திருப்போர் பெரும்பாலும் உரத்துக் கேட்பதில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகக் கையொப்பமிட்டு, துறைத் தலைவரின் ஒப்பமும் பெற்று, அலுவலகத்தில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அம்மாணவியை அழைத்துத் தாமதத்திற்கு வருத்தமும் தெரிவித்தேன். “பரவாயில்லை ஐயா, போய் வாருங்கள்” என்றார். அவர் முகத்தில் தோன்றிய ஆறுதலே, அவர் எத்துணை அஞ்சியிருந்தார் என்பதை எனக்கு உணர்த்திற்று.

‘சொல்லிக்கொண்டது’ என்னும் தலைப்பு எஞ்சியிருந்தது. பாடத்திட்டக் குழுவில் நேர்ந்த ஒரு கருத்து வேறுபாட்டால் ஓராண்டுக்கு மேலாக என்னுடன் பேசாதிருந்த நண்பர் ஒருவரின் வீட்டிற்கு அன்று மாலை சென்றேன். பயணம் சொல்ல வந்தேன் என்றேன். அவர் தேநீர் வரவழைத்தார். பாடத்திட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. விடைபெறுகையில் தெருமுனை வரை உடன் வந்தார்.

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் புதிய முனையத்தில், அலுவலர் என் கடவுச்சீட்டையும் சீட்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து முத்திரையிட்டார். வாப்பா பல நாள் கடலில் மிதந்து சென்ற தொலைவில் பெரும்பகுதியை நான் நான்கு மணி நேரத்தில் கடந்து கோலாலம்பூர் சேர்ந்து, அங்கிருந்து பினாங்கு சென்றேன். கருத்தரங்கம் இனிதே நிகழ்ந்தது. ஓய்வு கிடைத்த ஒரு மாலையில் சூலியா தெருவில் நடந்தேன். வாப்பா கணக்கெழுதிய கடை எதுவென்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. அவருடைய கணக்கு எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள், வானூர்தியில் ஏறுவதற்குத் தந்த அட்டைகளையும் செலவுச் சீட்டுகளையும் இணைத்துப் பயணப் பட்டியலைக் கல்லூரி அலுவலகத்தில் அளித்தேன். முன்பணத்தில் எஞ்சியதைச் செலுத்தி இரசீது பெற்றேன். பயணம் புறப்படும்போது மட்டுமன்றித் திரும்பிய பின்னும் முடிக்க வேண்டிய கணக்குண்டு.

வெளிநாடு செல்லும் வாய்ப்பு இக்காலத்து ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெருகியிருக்கிறது. செல்லுங்கள், கற்று வாருங்கள். கடவுச்சீட்டும் சான்றிதழ்களும் நாம் இன்னார் என்பதை அயலார்க்குக் காட்டும். நாம் இன்னார் என்பதை நம்மவர் அறிவது, நாம் விட்டுச் செல்லும் கணக்கைக் கொண்டே. ஒரு கையொப்பமும் ஒரு சாவியும் பிறர் நம்மிடம் வைத்த அமானிதங்களே ஆகும்.

வாப்பாவின் ஏட்டில் வெற்றுப் பக்கங்கள் பல எஞ்சியிருந்தன. அவருடைய கடைசிப் பயணத்திற்கு அடுத்த பக்கத்தில் 2024 என்று ஆண்டிட்டு, அந்த நான்கு தலைப்புகளின்கீழ் என் கணக்கை எழுதினேன். ‘கொடுக்க வேண்டியது’ என்பதன் எதிரே, ‘ஒரு கையொப்பம், தாமதமாகக் கொடுத்தது’ என்று குறித்தேன். அடியில் என் பெயரைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டு, ஏட்டை மீண்டும் அப்பெட்டியிலேயே வைத்தேன்.